கருகிய ரொட்டியும் பாதி சாக்லேட்டும்

மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. ரொட்டிக் கடையின் பின்பக்கம், பன்றித் தொழுவத்தை ஒட்டிய ஒரு மரத்தடியில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி சரிந்து கிடக்கிறாள். அப்பா நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்தில் இறந்துவிட்டார். அம்மா துக்கத்தில் வாய் பேசாமல் முடங்கிவிட்டார். வீட்டில் தங்கை பட்டினி. கடைக்குள்ளிருந்து ஏதோ விழுகிற சத்தம், அப்புறம் அடி விழுகிற சத்தம். கடைக்காரரின் மகன் கருகிய ரொட்டிகள் இரண்டோடு வெளியே வருகிறான். கன்னத்தில் அடியின் தடம் சிவந்திருக்கிறது. பன்றிக்குப் போடச் சொன்ன ரொட்டியை, அம்மா கவனிக்காத நேரமாகப் பார்த்து அந்தப் பெண் பக்கம் வீசுகிறான். திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறான்.

சூசன் காலின்ஸ் எழுதிய 'ஹங்கர் கேம்ஸ்' நாவலின் தொடக்கத்தில் வரும் நினைவு இது. பெண் காட்னிஸ், பையன் பீட்டா. அதுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவன் ரொட்டியை வேண்டுமென்றே நெருப்பில் தள்ளியிருப்பான் என்ற எண்ணமே அவளுக்கு மறுநாள்தான் வருகிறது. இந்தப் பக்கங்களைப் படித்து முடித்தபோது, இவன் இவளை நேசிக்கிறான் என்று எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணைப் பற்றியோ கூந்தலைப் பற்றியோ ஒரு வரி இல்லை. ஓர் அடி வாங்கினான், இரண்டு ரொட்டி கொடுத்தான், அவ்வளவுதான்.

டிஸ்டோபியா (கொடுமையான ஒரு சமூகத்தைக் கற்பனை செய்யும் கதை), ஃபேண்டஸி நாவல்களை விரும்பிப் படிக்கிறவர்கள் எல்லோருமே வீட்டில் ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள்: "இத்தனை பேர் சாகிற கதையில் காதலை எப்படி ரசிக்கிறாய்?" நியாயமான கேள்விதான். கொலையும் பட்டினியும் ஒரு பக்கம், முத்தம் இன்னொரு பக்கம் என்று பார்த்தால் இரண்டும் ஒட்டாது. ஆனால் இந்த நாவல்களில் அவை இரண்டு பக்கமாக இருப்பதே இல்லை. எல்லாம் நிறைந்து கிடக்கும் வீட்டில் ஒருவர் இன்னொருவருக்கு ரொட்டி கொடுத்தால் அது விருந்தோம்பல். ஒரே ஒரு ரொட்டி இருக்கும் ஊரில் அதில் பாதியைக் கொடுத்தால், அங்கே காதல் கண்ணுக்குத் தெரிகிறது. எடை போட்டுப் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் தெரிகிறது. பற்றாக்குறைதான் காதலுக்கு அளவுகோல் தருகிறது. இந்த வகைக் கதைகள் எனக்கு இனிப்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். இதன் வேர் 'ஹங்கர் கேம்ஸ்' வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது.

'கெட்ட இடம்' என்ற பொருள் தரும் கிரேக்க வேர்களிலிருந்து பிறந்தது டிஸ்டோபியா என்ற சொல். இலட்சிய நாடு ஒன்றைக் கற்பனை செய்து தாமஸ் மோர் 1516இல் எழுதிய 'உடோபியா'வுக்கு எதிர்ப்பதமாக, 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் இதன் ஒரு வடிவத்தைப் பயன்படுத்தினார். அயர்லாந்து தொடர்பான அரசின் கொள்கையைக் கண்டித்துப் பேசிய பேச்சு அது. நாவல் வடிவத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ரஷ்யாவின் யெவ்கேனி ஸம்யாதின். 1920, 21 வாக்கில் அவர் எழுதிய 'நாங்கள்' முதலில் 1924இல் ஆங்கிலத்தில்தான் அச்சானது. அவருடைய சொந்த நாட்டில் வெளிவர 1988 ஆயிற்று. அந்த நாவலின் குடிமக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். யாரோடு எப்போது படுக்கையைப் பகிரலாம் என்பதற்கு இளஞ்சிவப்புச் சீட்டு வாங்க வேண்டும். காதலையும் ரேஷனில் போட்டுவிட்ட அரசு! நாயகன் டி-503, சீட்டுக்குள் அடங்காத ஒரு பெண்ணை நேசிக்கத் தொடங்குகிறான். கடைசியில் அவனுடைய கற்பனை அறுவை சிகிச்சையால் அகற்றப்படுகிறது. அவளைச் சித்திரவதை செய்வதை எதிரில் உட்கார்ந்து, எந்தச் சலனமும் இல்லாமல் பார்க்கிறான்.

இந்த வரிசையில் அடுத்து ஜார்ஜ் ஆர்வெலின் '1984'. வெளிவந்த ஆண்டு 1949. அதை அரசியல் நாவலாக மட்டும் பாடம் நடத்தியே பழகிவிட்டோம். அதில் உணவு எங்கெல்லாம் வருகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொண்டே படித்துப் பாருங்கள். சாக்லேட் ரேஷன் 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைகிறது. நாயகன் வின்ஸ்டனும் அவன் காதலி ஜூலியாவும் முதன்முதலில் காட்டுப் பக்கம் ரகசியமாகச் சந்திக்கும்போது, அவள் ஒரு சாக்லேட் வில்லையை எடுத்து இரண்டாக உடைத்துப் பாதியை அவனிடம் கொடுக்கிறாள். கறுப்புச் சந்தையிலிருந்து வந்த நிஜ சாக்லேட். பின்னால் அவர்கள் வாடகைக்கு எடுத்த மாடி அறைக்கு நிஜச் சர்க்கரையும் வெள்ளை ரொட்டியும் ஜாமும் நிஜக் காப்பியும் கொண்டுவருகிறாள். அந்தக் காப்பி மணம் வெளியே போய்விடாமல் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது. இதையெல்லாம்விட என்னை உலுக்குவது வின்ஸ்டனின் சிறுவயது நினைவு. பசியில் துடிக்கும் சிறுவனாக, நோயாளித் தங்கையின் கையிலிருந்த கடைசித் துண்டு சாக்லேட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன் அவன். அம்மாவால் வேறொன்றும் செய்ய முடியாமல் அந்தக் குழந்தையைக் கையால் அணைத்துக்கொண்டாள். அதன் பிறகு அம்மாவையும் தங்கையையும் அவன் பார்க்கவே இல்லை.

அந்தப் பிடுங்கிய சாக்லேட்டுக்கும் ஜூலியா உடைத்துக் கொடுத்த பாதிக்கும் நடுவில்தான் முழு நாவலும் இருக்கிறது. அரசின் சித்திரவதைக் கூடமான 101ஆம் அறையில் எலிக்கூண்டு முகத்துக்கு நேராக வரும்போது, வின்ஸ்டன் தனக்குப் பதிலாக ஜூலியாவுக்குச் செய்யச் சொல்லிக் கதறுகிறான். சிறுவயதில் செய்ததையே மறுபடியும் செய்யும்படி அரசு அவனை ஆக்கிவிட்டது. முந்தைய தலைமுறை டிஸ்டோபியாக்களின் முடிவு பெரும்பாலும் இப்படித்தான். உயிர் மிஞ்சும், காதல் மிஞ்சாது.

2008இல் ஏதோ மாறியது. செப்டம்பர் 14 அன்று 'ஹங்கர் கேம்ஸ்' அமெரிக்காவில் வெளிவந்தது. மறுநாள் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் மனு கொடுத்தது, பொருளாதாரமே ஆட்டம் கண்டது. தற்செயல்தான், நாவல் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் வேலையும் வீடும் கைநழுவிப்போவதைப் பெற்றோரின் முகத்தில் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளின் கைக்குத்தான் அந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்தது.

காலின்ஸின் அப்பா அமெரிக்க விமானப் படையில் இருந்தவர். மகள் சிறுமியாக இருந்தபோது வியட்நாம் போருக்குப் போனவர், பிள்ளைகளைப் பழைய போர்க்களங்களுக்குக் கூட்டிப்போய் வரலாறு சொன்னவர். பின்னாளில் ஓர் இரவு தொலைக்காட்சியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோ போட்டியும் இன்னொரு பக்கம் இராக் போர்க் காட்சிகளும் மாறி மாறி வந்து ஒன்றோடொன்று கலந்துபோனதில் இந்தக் கதை முளைத்தது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். ஏதென்ஸ் நகரத்துப் பிள்ளைகளைக் கப்பமாக வாங்கி மினோட்டாருக்கு இரையாக்கிய கிரேக்கக் கதையும் அதோடு சேர்ந்தது. நாட்டின் பெயர் பானெம். ரோமக் கவிஞர் ஜுவெனல் சொன்ன 'ரொட்டியும் சர்க்கஸும்' என்ற லத்தீன் தொடரிலிருந்து எடுத்தது. சாம்ராஜ்யத்தின் பெயரே ரொட்டி.

ஆண்டுதோறும் 12 மாவட்டங்களிலிருந்து 12 முதல் 18 வயதுக்குள் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக 24 பேரைக் குலுக்கலில் எடுத்து, ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை கொன்றுகொள்ள விடுகிறார்கள். அதை நாடே கட்டாயமாகப் பார்க்க வேண்டும். குலுக்கல் பார்ப்பதற்குப் பொதுவானது போலிருக்கும், ஆனால் பசி அதற்குள் புகுந்துவிடும். கூடுதலாக ஒரு முறை பெயரைப் போட்டால் ஓராண்டுக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அதனால் பதினாறு வயது காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது. அவளுடைய வேட்டைத் தோழன் கேலின் பெயர் 42 சீட்டுகளில். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐந்தோ ஆறோதான். வறுமையைச் சாவின் நிகழ்தகவாக மாற்றிக் காட்டிய இந்தக் கணக்கை எந்தப் பொருளாதாரப் பாடத்தைவிடவும் பிள்ளைகள் வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள்.

சரி, காதலுக்கு வருவோம். போட்டிக்கு முந்தைய நேர்காணலில், தான் நேசிக்கும் பெண் தன்னோடுதான் களத்துக்கு வருகிறாள் என்று பீட்டா நாட்டுக்கே சொல்லிவிடுகிறான். அது உத்தி, உண்மையும்தான். காட்னிஸ் உத்தியை மட்டும் பார்க்கிறாள். பிறகு அவன் காலில் காயம் பட்டுக் காய்ச்சலில் கிடக்க, இருவரும் ஒரு குகையில் ஒளிந்திருக்கிறார்கள். பார்வையாளர்களுக்குப் பிடித்துப்போனால் பணம் படைத்தவர்கள் பாராசூட்டில் உணவும் மருந்தும் அனுப்புவார்கள். அவள் அவனுக்கு முத்தம் கொடுக்கிறாள். வெளியே ஒரு பானை சூப் வந்து இறங்குகிறது. ஒரு முத்தத்துக்கு ஒரு பானை என்று வழிகாட்டி ஹேமிட்ச் மறைமுகமாகச் சொல்லும் விலை அவளுக்கு உடனே புரிகிறது.

இந்த இடத்தில்தான் காலின்ஸ் தனக்கு முன்னால் எழுதியவர்களிடமிருந்து விலகிப் புதிதாக ஒன்றைச் செய்தார் என்று நினைக்கிறேன். ஆர்வெலின் அரசு காதலைத் தடை செய்தது. பானெமின் அரசு காதலைக் கேட்டு வாங்குகிறது, கைதட்டி ரசிக்கிறது, அதற்குச் சோறு போடுகிறது. காட்னிஸ் நடிக்கிறாளா, நேசிக்கிறாளா? அவளுக்கே தெரியவில்லை. கதை முழுவதும் அவளுடைய தன்மையில், நிகழ்காலத்தில் சொல்லப்படுவதால் நமக்கும் தெரியாது. உயிரோடு இருக்க வேண்டுமென்றால் காதலிப்பதுபோல் இருக்க வேண்டும் என்று நிர்ப்பந்தம் வந்தபின், உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒரு பெண் எப்படித் தெரிந்துகொள்வாள்? கேமராவுக்கு முன்னால் வளர்ந்த தலைமுறைக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை.

மூன்றாவது புத்தகமான 'மாக்கிங்ஜே'யில் (2010) ஆர்வெலின் நிழல் நேராகவே விழுகிறது. பானெமின் தலைநகரான கேபிடலின் அரசு பீட்டாவைப் பிடித்துவைத்து, குளவி விஷத்தைக் கொண்டு அவன் நினைவுகளைத் திரித்து, காட்னிஸைக் கண்டாலே கழுத்தை நெரிக்கப் பாயும்படி மாற்றிவிடுகிறது. 101ஆம் அறையின் வேலைதான் இது. ஆனால் இங்கே கதை அதோடு முடிந்துபோவதில்லை. பீட்டா ஒவ்வொரு நினைவாக எடுத்து, 'இது நிஜமா, நிஜமில்லையா?' என்று சுற்றியிருப்பவர்களிடம் கேட்கத் தொடங்குகிறான். உனக்குப் பிடித்த நிறம் பச்சை, நிஜமா? நிஜம். இப்படி ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்து அவனை மறுபடி கட்டுகிறார்கள். காதலை மீட்பது இவ்வளவு மெதுவான, அலுப்பான வேலை என்று இளையோருக்கு எழுதப்பட்ட ஒரு நாவல் பொறுமையாகச் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

படங்கள் வந்த நேரத்தில் நீ பீட்டா கட்சியா, கேல் கட்சியா என்று முக்கோணக் காதலாகவே இதை விற்றார்கள். நாவல் அதைவிடக் கூர்மையானது. ஓரிடத்தில் கேல், யார் இல்லாமல் தன்னால் பிழைக்க முடியாதோ அவரைத்தான் காட்னிஸ் தேர்ந்தெடுப்பாள் என்று பீட்டாவிடம் சொல்வதை அவள் அரைத்தூக்கத்தில் கேட்டுவிடுகிறாள். காதலைக் கணக்காகப் பார்க்கிறவள் என்று தன்னைச் சொல்லிவிட்டானே என்று அவளுக்குச் சுருக்கென்று தைக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் பலிக்கிறது, அவன் நினைத்த அர்த்தத்தில் இல்லை. வேட்டையாடவும் சண்டை போடவும் அவளுக்கே தெரியும். கேலிடம் இருக்கும் நெருப்பு அவளிடமும் இருக்கிறது. அவளிடம் இல்லாதது, இதற்குப் பிறகும் வாழ்க்கை நல்லதாக இருக்கலாம் என்ற நம்பிக்கை. கருகிய ரொட்டி கிடைத்த மறுநாள் பள்ளி வளாகத்தில் மஞ்சளாக ஒரு டேண்டிலியன் பூவைப் பார்த்துத்தான், காட்டுக்கீரை பறித்தாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசிப் பக்கங்களில் அந்தப் பூவைத்தான் அவள் தேர்ந்தெடுக்கிறாள். பிழைப்பது என்ற சொல்லின் பொருளே 1,000 பக்கங்களுக்கு மேல் நடந்த கதையில் மாறிவிட்டது.

இங்கே பாலைத் திணை நினைவுக்கு வராமல் இருக்காது. பாலைக்கு என்று சொந்த நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் முறை திரிந்து, நல்லியல்பு இழந்து எடுக்கும் வடிவமே பாலை என்கிறது சிலப்பதிகாரம். கெட்டுப்போன நல்ல இடம்! ஆறலைக் கள்வர் அம்பு பாயும், நீர் வற்றிய அந்த வழியில்தான் தலைவன் பொருள் தேடிப் போகிறான். காதலர் உடன்போக்காக ஓடுவதும் பெரும்பாலும் அதே வழியில்தான். ஐந்திணை ஐம்பதில் ஒரு பாட்டு. சுனையில் கொஞ்சம்தான் தண்ணீர் இருக்கிறது, ஆண்மானுக்கும் பெண்மானுக்கும் போதாது. ஆண்மான் வாயை வைத்துக் குடிப்பதுபோல் பாவனை செய்கிறது. பெண்மான் நிம்மதியாகக் குடிக்கட்டும் என்று. அந்த மானின் கள்ளத்துக்கும் பீட்டாவின் கருகிய ரொட்டிக்கும் இடையில் இருப்பது காலம்தான். கலித்தொகையில் இன்னொரு மான், நிழல் இல்லாத காட்டில் வெயிலை மறைத்து நின்று தன் நிழலையே துணைக்குக் கொடுக்கிறது. நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. காலின்ஸ் இவற்றைப் படித்திருக்க வேண்டியதும் இல்லை. வறண்ட நிலத்தில் வைத்தால்தான் காதலின் ஒரு முகம் தெரியும் என்பதைக் கவிதை இலக்கணமாகவே வைத்திருந்த மொழியில் பிறந்தவர்களுக்கு, இந்த நாவல்கள் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

2010களின் நடுவில் டிஸ்டோபியா அலை தணிந்தது. ஐந்து பிரிவுகளாக உடைந்த எதிர்காலச் சிகாகோவை வைத்து வெரோனிகா ராத் எழுதிய 'டைவர்ஜென்ட்' வரிசை போல ஏராளமானவை வந்து அலுப்புத் தட்டிவிட்டது. அதே வாசகர்கள் வயதுக்கு வந்தார்கள். காதல், உயிர் பிழைத்தல் என்ற அதே இணை ஃபேண்டஸிக்குள் குடிபெயர்ந்தது. இன்று ரொமான்டசி என்கிறார்கள். சாரா ஜே. மாஸின் முக்கியமான வரிசை 2015இல் தொடங்கியது. அதிலும் தொடக்கம் பசிதான்: பனிக்காட்டில் குடும்பத்துக்காக வேட்டைக்கு வந்த ஒரு பெண், ஓர் ஓநாயைக் கொல்கிறாள். 2023இல் ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' வந்தது. அந்த வரிசையின் மூன்றாவது புத்தகம் 2025 ஜனவரியில் வெளியான முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் செய்திகள் வந்தன. டிக்டாக்கில் புத்தகம் பேசுகிறவர்களால் பரவிய அலை இது. 2020இல் டிக்டாக் தடைசெய்யப்பட்ட இந்தியாவில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் அந்த வேலையைச் செய்தது.

'ஃபோர்த் விங்' ஒரு பாலத்தில் தொடங்குகிறது. டிராகன் வீரர் பயிற்சிக்குச் சேர வேண்டுமென்றால் மழையிலும் காற்றிலும் ஓங்கி உயர்ந்த, கைப்பிடி இல்லாத குறுகிய கற்பாலத்தைக் கடக்க வேண்டும். விழுந்தால் சாவு. எளிதில் மூட்டு நழுவும் உடம்புக்காரி வயலெட். யாரோஸுக்கே அப்படிப்பட்ட உடல்நிலை உண்டு. வரிசையில் முன்னால் நிற்கும், அறிமுகமே இல்லாத பெண்ணின் பூட்ஸ் அடிப்பாகம் வழவழவென்று இருப்பதைப் பார்த்து, தன் பூட்ஸில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்து அவளுடையதில் ஒன்றை மாட்டிக்கொள்கிறாள். ஆளுக்கு ஒரு நல்ல பூட்ஸ். மறுபடியும் பாதி சாக்லேட்! அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்; காதல் காட்சி எதுவும் அதற்கு ஈடாகவில்லை.

பாலம் என்றதும் உளவியலில் புகழ்பெற்ற இன்னொரு பாலம் உண்டு. 1974இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரோன் என்ற இருவர் கனடாவின் வான்கூவர் அருகே, 230 அடி உயரத்தில் ஆடும் கேபிலானோ தொங்குபாலத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். பாலத்தில் வரும் இளைஞர்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டு, சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். அதே ஊரில் பயமில்லாத, உறுதியான தாழ்ந்த மரப்பாலத்தில் எண்ணை வாங்கிய 16 பேரில் கூப்பிட்டவர்கள் 2 பேர். பயத்தில் துடிக்கும் நெஞ்சை, எதிரில் நிற்பவரால் துடிப்பதாக உடம்பு தப்பாகப் படித்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். சின்னச் சோதனைதான், இதன்மேல் பின்னாளில் நிறைய விவாதம் நடந்திருக்கிறது. ஆனாலும் சண்டைக்கு அடுத்த பக்கத்தில் முத்தம் வைக்கும் எழுத்தாளர்கள் எல்லோரும் இந்தப் பாலத்தில்தான் நிற்கிறார்கள்.

இதை மட்டும் நம்பி எழுதப்படும் நாவல்கள் எனக்குச் சீக்கிரம் சலித்துவிடுகின்றன. 'ஃபோர்த் விங்'கில் நாயகன் ஸேடனின் அப்பா தூக்கிய கலகக் கொடியை ஒடுக்கியவர்களில் வயலெட்டின் அம்மா ஒருவர். அவளைக் கொல்ல அவனுக்குக் காரணம் உண்டு. ஆனால் இருவருடைய டிராகன்களும் ஜோடி. ஒன்று செத்தால் மற்றதற்கும் ஆபத்து, அப்படியே சவாரி செய்பவர்களுக்கும். எனவே அவன் அவள் உயிரைக் காத்தே ஆக வேண்டும். பசி செய்த வேலையை இங்கே மந்திரம் செய்கிறது. சுவாரசியமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. நானும் ராத்திரி தூங்காமல்தான் படித்தேன். ஆனால் பீட்டா ரொட்டியைப் பன்றிக்கே போட்டிருக்கலாம், யாரும் அவனைக் கேட்டிருக்க மாட்டார்கள். கொடுக்காமல் இருக்க முடிகிற இடத்தில் கொடுத்ததால்தான் அந்த ரொட்டிக்கு அந்த எடை. விதியே கட்டிவைத்த ஜோடி என்று சொல்லிவிட்டால், யார் யாருக்கு எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று நாம் எதை வைத்து அளப்பது? ஆபத்து வெறும் பின்னணித் திரையாகத் தொங்கும் ரொமான்டசிகளில் நான் தேடிக் கிடைக்காதது இந்த ஒன்றுதான்.

பயத்தை ஏன் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பதற்கு 1757இலேயே சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் ஒரு விடை சொன்னார்: ஆபத்து மிக நெருங்கி அழுத்தினால் அது வெறும் கொடுமை, கொஞ்சம் தள்ளி நின்றால் அதில் ஒரு கிளர்ச்சி இருக்கிறது. இதற்குப் பக்கத்தில் ஒரு புதிய ஆய்வையும் வைக்கலாம். கோவிட் முதல் அலையின்போது கோல்டன் ஸ்கிரிவ்னரும் சக ஆய்வாளர்களும் சுமார் 300 பேரிடம் கேட்டு 2021இல் வெளியிட்டது. உலகம் அழிவது, ஜாம்பி வருவது போன்ற படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள், தாங்கள் ஊரடங்குக்கு மனதளவில் ஓரளவு தயாராக இருந்ததாகச் சொன்னார்கள். அவர்களாகச் சொன்னதுதான், அதுவும் படங்களைப் பற்றி. நாவலுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் கற்பனையில் ஒத்திகை பார்ப்பதில் ஏதோ பயன் இருக்கிறது என்பது வாசகர்கள் பலரும் தங்களுக்குள் உணர்ந்த விஷயம்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) எழுதியபோது, மனிதர்கள் எங்காவது ஏற்கெனவே செய்யாத எதையும் அதில் சேர்ப்பதில்லை என்று மார்கரெட் ஆட்வுட் தனக்கு விதி வைத்துக்கொண்டார். ஒருவருக்கு டிஸ்டோபியாவாக இருப்பது இன்னொருவருக்கு நடந்து முடிந்த வாழ்க்கை. 2009இல் முள்ளிவாய்க்காலில் சிக்கிய மக்களுக்குக் கடைசி நாட்களில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் கிடைத்த கஞ்சியை, ஒவ்வொரு மே மாதமும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த ஊர்களிலும் காய்ச்சிப் பகிர்கிறார்கள். அந்தக் கஞ்சிக்காக ஷெல்லடிக்கு நடுவில் வரிசையில் நின்ற ஒருவரிடம் இந்த நாவல்களை 'செம விறுவிறுப்பு' என்று சொல்லி நீட்ட எனக்குக் கை வராது. புத்தகத்தை மூடி வைக்க முடிகிறவர்களுக்கான இன்பம் இது. அதை மறக்காமல் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சில சமயம் புத்தகம் மூடப்படாமல் வெளியே நடந்துவிடுவதும் உண்டு. 12ஆம் மாவட்ட மக்கள் காட்னிஸுக்கு மூன்று விரலை உயர்த்திக் காட்டுவார்கள். நன்றி, மரியாதை, நேசிக்கும் ஒருவருக்கு விடைகொடுத்தல் என்று அதற்கு நாவல் பொருள் சொல்கிறது. சாவு வீட்டில் காட்டுகிற சைகை. 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, திரைப்படங்கள் வழியாகப் பரவியிருந்த அந்தச் சைகையை இளைஞர்கள் வீதியில் காட்டினார்கள், அதற்காகக் கைதும் ஆனார்கள். 2021இல் மியான்மாரில் ராணுவத்தை எதிர்த்தவர்களும் அதே மூன்று விரலைத்தான் உயர்த்தினார்கள்.

இந்த வகையில் ஒரே ஒரு புத்தகத்தைக் கையில் கொடு என்று யாராவது கேட்டால், மேலே சொன்ன எதையும் கொடுக்க மாட்டேன். ஆக்டேவியா பட்லரின் 'பாரபிள் ஆஃப் தி சோவர்' தருவேன். 1993இல் வந்தது; கதை தொடங்குவது 2024 ஜூலையில், லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே, வறட்சியும் தீயும் தின்னும் ஒரு கலிஃபோர்னியாவில். அதில் 2025 பிப்ரவரி 1 தேதியிட்ட நாட்குறிப்பு ஒரு தீயைப் பற்றியது. நிஜத்தில் அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜனவரியில், பட்லர் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் அல்டடீனா பற்றி எரிந்தது.

நாயகி லாரன் ஒலமினாவுக்கு ஒரு கோளாறு: எதிரில் இருப்பவரின் வலி தன் உடம்பிலும் வலிக்கும், சுகமும் அப்படியே. சாகும் உலகில் இதைவிட ஆபத்தான உடம்பு இருக்க முடியாது. யாரையாவது சுட்டால் அவளும் சேர்ந்து விழுவாள். பதினைந்து வயதிலேயே தாவரப் புத்தகங்களைப் படித்து, ஓடுவதற்கு ஒரு மூட்டை கட்டி வைக்கிறாள். பதினெட்டில் எல்லோரையும் இழந்து, வடக்கு நோக்கி நெடுஞ்சாலையில் நடக்கிறாள். வழியில் ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள். தண்ணீரையும் இரவுக் காவலையும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவரான பாங்கோல் என்ற டாக்டருக்கு ஐம்பத்தேழு வயது. அவர்மேல் அவளுக்குக் காதல் வருகிறது. அவ்வளவு வயது வித்தியாசம் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பட்லரும் அதைச் சங்கடமில்லாததாகக் காட்டவில்லை. அவருக்கு வடக்கே கொஞ்சம் நிலம் இருக்கிறது. நீ மட்டும் என்னோடு வந்துவிடு என்கிறார். கூட நடந்து வந்தவர்களை விட்டுவிட்டு வர அவள் சம்மதிக்கவில்லை.

கடைசியில் எல்லோருமாகத்தான் அங்கே போய்ச் சேர்கிறார்கள். வீடு எரிந்து கிடக்கிறது. மண்ணில் அவருடைய சகோதரி குடும்பத்தின் எலும்புகள். ஒவ்வொருவரும் தாங்கள் இழந்தவர்களின் நினைவைச் சொல்கிறார்கள். இருக்கும் எலும்புகளைப் புதைத்து, ஓக் மரங்களை நடுகிறார்கள். அந்த மரத்தின் கொட்டையை இடித்து ரொட்டி சுட லாரனின் வீட்டில் எப்போதோ கற்றிருந்தார்கள். அப்புறம் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். அந்த இடத்துக்கு ஓக் கொட்டையின் பெயரையே வைக்கிறார்கள்.